தேஞ்சுதா, அரிச்சுதா, கரைஞ்சுதா? சேலத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு சொல் வழிகாட்டி

வெளியூரில் வளர்ந்து, வீட்டுக்குள் மட்டும் தமிழ் பேசி, இப்போது வேலைக்கோ கல்யாணமாகியோ சேலம் வந்து சேர்ந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். புதிதாகத் தமிழில் அறிவிப்பு, மனு, விளம்பரம், மொழிபெயர்ப்பு என்று எழுதத் தொடங்கியவர்களுக்கும் பயன்படும். ஒரு பொருள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து இல்லாமல் போவதைச் சொல்ல அகராதியைத் திறந்தால் தேய், அரி, கரை, நை, இறு, மழுங்கு, உளு என்று வரிசையாக வந்து நிற்கும். எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்து எது கைக்கு வந்ததோ அதைப் போட்டுவிடுகிறார்கள். "டயர் அரிச்சிருச்சுண்ணா" என்று பட்டறையில் போய்ச் சொன்னால், சக்கரத்தைச் சொறிந்துவிட வேண்டுமா என்று கேட்பார்கள்.

இந்தச் சொற்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். கீழே உள்ள வரிசையில் கேள்வி கேட்டுக்கொண்டு போனால் சரியான சொல் தானாக வரும்.

முதல் படி: தின்பது யார் என்று கேளுங்கள்

எந்தப் பொருள் குறைகிறது என்பதை விட, எது அதைக் குறைக்கிறது என்பதே வினைச்சொல்லை முடிவு செய்கிறது. ஒரே இரும்புக் கம்பியை எடுத்துக்கொள்வோம். இன்னொன்றோடு உரசி மெலிந்தால் தேய்ந்தது. அமிலமோ உப்புத் தண்ணீரோ தின்றால் அரித்தது. வெயிலிலும் மழையிலும் கிடந்து, தொட்டால் பொடியும் நிலைக்கு வந்தால் இற்றுப்போனது. கம்பி ஒன்றுதான், தின்ற ஆள்தான் வேறு.

உரசல் என்றால் தேய். சின்னச் சின்ன வாய்களால் கடித்து எடுப்பது போல் இருந்தால் அரி. கரையான், புழு, ஓடும் தண்ணீர், அமிலம் எல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும். நீர் தனக்குள் வாங்கிக்கொண்டால் கரை. இழை விட்டுப்போனால் நை. முக்கால்வாசி இடங்களுக்கு இந்த நாலு போதும்.

இரண்டாம் படி: 'தேய்' என்பதை மலைப்பாதையில் கற்றுக்கொள்ளுங்கள்

சேலத்தில் இந்தச் சொல்லுக்கு ஏற்காட்டுச் சாலையை விட நல்ல வகுப்பறை கிடையாது. அடிவாரத்திலிருந்து மேலே போக 20 கொண்டை ஊசி வளைவு. இறங்கும்போது பிரேக்கை மட்டுமே நம்பி வந்த வண்டி அடுத்த சில மாதங்களில் பட்டறைக்கு வந்து நிற்கும். அங்கே நடக்கும் பேச்சு ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"அண்ணா, பிரேக் அடிச்சா கீச்சுனு சத்தம் வருதுங்க."

"பேடு தேஞ்சு போச்சுங்க. இரும்பு இரும்போட உரசுது. கியரைக் குறைச்சு இறங்குனா இவ்வளவு சீக்கிரம் தேயாது."

இதில் இரண்டு சொற்களைப் பிரித்துப் பாருங்கள். 'உரசுது' என்பது காரணம், 'தேஞ்சு போச்சு' என்பது விளைவு. எழுத்தில் இவையே 'உராய்வு', 'தேய்மானம்' என்று ஆகும். 'பிரேக் உராய்ந்துவிட்டது' என்று ஒரு வண்டிப் பராமரிப்புக் கையேட்டில் படித்தேன். உராய்வது அதன் வேலை, அதற்காகத்தானே காசு கொடுத்து வாங்கினோம்?

இறக்கத்தில் பிரேக் சூடாகி, மிதித்தாலும் பிடிக்காமல் போவது தேய்மானம் ஆகாது. அதற்கு "பிரேக் பிடிக்கல" என்றுதான் சொல்ல வேண்டும். ஓரமாக நிறுத்திச் சூடு ஆறவிட்டால் திரும்பப் பிடிக்கும். தேய்ந்தது திரும்ப வராது. பட்டறையில் இதைச் சரியாகச் சொன்னால் தேவையில்லாமல் பேடு மாற்றும் செலவு மிஞ்சும்.

டயருக்கும் தேய்தான். அதிலும் படிகள் உண்டு. பள்ளம் ஆழம் குறைந்தால் "பட்டன் தேஞ்சிருச்சு". அதற்கும் மேலே போய் வழுவழு என்று ஆகிவிட்டால் "மொட்டையாயிருச்சு". கார் டயரில் பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போகக் கூடாது என்பது விதி. பள்ளத்துக்குள்ளேயே அந்த உயரத்தில் சிறு மேடு வைத்திருப்பார்கள். டயர் அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. மழைக் காலத்தில் மொட்டை டயரோடு ஏற்காடு ஏறுகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் வேறு சொற்கள் உண்டு, அவை இந்தக் கட்டுரைக்கு ஆகாது.

திருகில் இருக்கும் சுற்றுக்கோடு 'மரை'. அதுவும் தேயும். "மரை தேஞ்சு போச்சு, இனி பிடிக்காது" என்பது தச்சர், குழாய் வேலைக்காரர், நகைப் பட்டறைக்காரர் எல்லோரும் சொல்லும் வாக்கியம். "அவனுக்கு மரை கழண்டிருச்சு" என்று ஆளைப் பற்றிச் சொன்னால் மட்டும் புத்தி பிசகியதாகப் பொருள். மனிதனுக்கு மரை கழலும், தேயாது. இதை மாற்றினால் நகைச்சுவை போய்விடும்.

அடுத்து செவ்வாய்ப்பேட்டைக்கு வாருங்கள். வெள்ளிக் கொலுசுக்குப் பேர்போன ஊர் இது. பழைய கொலுசைக் கொடுத்துப் புதியது எடுக்கப் போனால் இரண்டு சொற்கள் காதில் விழும்: தேய்மானம், சேதாரம். இரண்டுமே எடை போன கணக்குத்தான் என்பதால் புதியவர்கள் குழம்புகிறார்கள். காலில் போட்டு நடந்து நடந்து, வளையத்தோடு வளையம் உரசி எடை குறைந்தால் அது தேய்மானம். பட்டறையில் உருக்கும்போதும், அரத்தால் அராவும்போதும், மெருகிடும்போதும் போகும் உலோகத்துக்காகக் கடைக்காரர் விலையில் சேர்ப்பது சேதாரம். முன்னது உங்கள் காலில் நடந்தது, பின்னது செய்தவர் கையில் நடந்தது. "இதுல சேதாரம் எவ்வளவு தேஞ்சிருக்கு?" என்று கேட்டுவிடாதீர்கள். "எடை குறைஞ்சிருக்கேங்க, இவ்வளவா தேயும்?" என்று கேளுங்கள். புது நகைக்கு "செய்கூலி, சேதாரம் எவ்வளவுங்க?" என்று கேளுங்கள்.

வெள்ளி கறுப்பதைத் தேய்ந்ததாகச் சொல்லும் பழக்கமும் சிலரிடம் இருக்கிறது. கறுப்பது காற்றிலும் வியர்வையிலும் உள்ள கந்தகச் சேர்மங்களோடு வெள்ளி சேர்வதால். அதற்கு "கறுத்துப் போச்சு". ஆனால் அந்தக் கறுப்பை அடிக்கடி பொடி போட்டுத் தேய்த்துத் தேய்த்து எடுத்தால் கொலுசு நிஜமாகவே தேயும்.

வீட்டுக்குள் 'தேய்' எங்கெல்லாம் வருகிறது என்று எண்ணி முடியாது. பாத்திரம் தேய்ப்பது, எண்ணெய் தேய்த்துக் குளிப்பது, சப்பாத்தி தேய்ப்பது, துணி தேய்ப்பது. கடைசியில் சொன்னது இஸ்திரி போடுவது. "துணியெல்லாம் தேய்க்கக் குடுத்திருக்கேன்" என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னால் கல்லில் வைத்துத் தேய்க்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். இப்போது கடைகளில் "கார்டு தேய்க்கலாமுங்களா?" என்பதும் சேர்ந்துவிட்டது. அட்டையைச் செருகினாலும், வெறுமனே தொட்டு எடுத்தாலும் தேய்த்தல் என்றே சொல்கிறார்கள்.

அம்மியும் ஆட்டுக்கல்லும் அரைத்து அரைத்து வழுவழு என்று ஆகிவிட்டால் "கல் தேஞ்சிருச்சு, கொத்தணும்" என்பார்கள். உளியால் புள்ளி புள்ளியாகக் கொத்தினால் மறுபடி அரைபடும். அம்மி கொத்துகிறவர் தெருவில் குரல் கொடுத்துக்கொண்டு போவது குறைந்துவிட்டது. மிக்சியின் பிளேடு போனால் "மழுங்கிருச்சு" என்று சொல்லித் தூக்கிப்போட்டுவிடுகிறோம்.

மூன்றாம் படி: 'ஞ்சு'வா, 'ச்சு'வா என்று காதால் கேளுங்கள்

இலக்கணப் புத்தகம் தன்வினை, பிறவினை என்று சொல்லும். பேச்சில் அதை ஓசையால் பிடிக்கலாம். தேஞ்சுது என்றால் தானாக நடந்தது (தேய்ந்தது). தேச்சான் என்றால் ஒருவன் செய்தான் (தேய்த்தான்). கரைஞ்சுது, கரைச்சா என்பதும் அப்படியே: சர்க்கரை கரைஞ்சுது, அம்மா புளி கரைச்சாங்க.

அப்படியே நம்பி 'அரி'க்குப் போனால் வழுக்கும். அரிஞ்சா என்றாலும் செய்தவர் உண்டு, அரிச்சுது என்றாலும் செய்தது ஒன்று உண்டு. வேலைதான் வேறு. "கத்தரிக்காய் அரிஞ்சு வெச்சேன்" என்றால் அரிவாள்மனையில் நறுக்கினேன். "கத்தரிக்காயைப் புழு அரிச்சிருக்கு" என்றால் உள்ளே குடைந்திருக்கிறது. எழுதும்போது 'அரிந்த கத்தரிக்காய்', 'அரித்த கத்தரிக்காய்' இரண்டில் ஒன்றைத் தவறாகப் போட்டால் சமையல் குறிப்பே கெட்டுப்போகும். போதாக்குறைக்கு, கல் போக அரிசியைத் தண்ணீரில் அலசி எடுப்பதும் அரிப்பதுதான்: "அரிசியை அரிச்சு உலையில போடு."

'இளை' இன்னொரு விலக்கு. "ஏங்க இப்படி இளைச்சுப் போயிட்டீங்க?" என்பதில் 'ச்சு' இருந்தாலும் யாரும் யாரையும் இளைக்க வைக்கவில்லை.

நான்காம் படி: 'அரி'க்கு மலைச்சரிவைப் பாருங்கள்

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் சிறிதாக நிலம் வாங்கிக் காப்பியும் மிளகும் வைக்கலாம் என்று வருகிறவர்கள் முதல் மழைக் காலத்தில் கற்றுக்கொள்ளும் சொல் இது. ஆனால் அவர்கள் கற்பது ஒரு சொல்லாக இருக்கிறது. தோட்டத்தில் வேலை செய்கிறவர்களிடம் அது ஐந்தாறாக இருக்கிறது. மழை தண்ணீர் மேல்மண்ணை மெல்லியதாக எடுத்துக்கொண்டு போனால் "மண்ணு அரிச்சிருக்கு". செடியின் அடியில் "வேர் தெரியுது" என்பது அடுத்த நிலை. ஒரே தடத்தில் தண்ணீர் பாய்ந்து வரப்பையோ பாதையையோ பிளந்துவிட்டால் "அறுத்துட்டுப் போயிருச்சு". கீழே அறுபட்டதால் மேலே உள்ள திட்டு விழுந்தால் "இடிஞ்சிருச்சு". சரிவு மொத்தமாக நகர்ந்து வந்துவிட்டால் "சரிஞ்சிருச்சு".

இந்த வரிசை முக்கியம், ஏனென்றால் ஒவ்வொன்றுக்கும் செய்ய வேண்டிய வேலை வேறு. அரிக்கிற நிலையில் சருகை அள்ளாமல் விட்டு, மண்ணை மூடி வைத்து, சம உயரத்தில் வரப்போ கல்கட்டோ போட்டால் போதும். அறுத்துவிட்ட பிறகு அந்தத் தடத்தின் குறுக்கே கல் அடுக்கித் தண்ணீரின் வேகத்தைக் குறைக்க வேண்டும். சரிந்துவிட்டால் அது தோட்டக்காரர் கையில் இல்லை. "மண் அரிப்பு" என்று போனில் சொல்லி ஆளை வரச் சொன்னால் மண்வெட்டியோடு வருவார். வந்து பார்த்தால் பொக்லைன் தேவைப்படும் அளவுக்கு மண் கிடக்கும்.

செய்தியில்கூட இவை கலந்துபோகின்றன. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காட்டு மலைப்பாதையில் மண்ணும் பாறையும் சரிந்து போக்குவரத்து தடைபட்டது. அது மண் சரிவு. அரிப்பு பல மழைகளில் நடப்பது. சரிவு ஓர் இரவில் நடந்துவிடும். அரிப்பு சரிவுக்கு வழிகோலலாம் என்பது உண்மைதான், அதற்காக இரண்டையும் ஒரே சொல்லால் எழுதினால் படிக்கிறவர் மலையேறலாமா வேண்டாமா என்று எப்படி முடிவு செய்வார்?

பள்ளிப் பாடநூல்கள் இங்கே நல்ல வேலை செய்திருக்கின்றன. வெயில், மழை, வேர் ஆகியவற்றால் பாறை இருந்த இடத்திலேயே உடைந்து நொறுங்குவது 'வானிலைச் சிதைவு'. அந்தத் துகளை நீரோ காற்றோ எடுத்துக்கொண்டு போவது 'அரித்தல்'. கொண்டுபோய்ப் போடுவது 'படியவைத்தல்'. கட்டுரை எழுதுகிறவர்கள் இந்த மூன்றையும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். மூன்றாவதற்குப் பேச்சில் 'வண்டல்', 'தூர்' என்ற சொற்கள் இருக்கின்றன. மலையில் அரித்த மண் கீழே ஏரியில் வந்து தங்கினால் ஏரி தூர்ந்துபோகும். அதை அள்ளுவது தூர் வாருதல். சேர்வராயன் மலையில் பிறந்து சேலத்துக்குள் ஓடிவரும் திருமணிமுத்தாற்றுக்கும், 1934இல் கட்டி முடித்த மேட்டூர் அணைக்கும் இந்தச் சொற்கள் ஒன்றுபோலப் பொருந்தும். 'ஏரி அரிந்துவிட்டது' என்று யாராவது எழுதியிருந்தால் அவர் சொல்ல வந்தது 'தூர்ந்துவிட்டது' என்பதாகத்தான் இருக்கும்.

மனிதன் இயந்திரத்தை வைத்து மலையை எடுக்கும்போது 'அரிக்கப்படுகிறது' என்று எழுதுவதை நான் ஏற்பதில்லை. தண்ணீருக்குப் பெயர் தேவையில்லை, எல்லோருக்கும் தெரியும். கல் உடைக்கிறவருக்குப் பெயர் உண்டு. 'மலையை வெட்டி எடுக்கிறார்கள்' என்று எழுதினால் யார் என்ற கேள்வி வரும். 'அரிக்கப்படுகிறது' என்று எழுதினால் மழை மேல் பழி போய்விடும்.

பூச்சிகளுக்கும் 'அரி' உண்டு. மரக்கதவைக் கரையான் அரிக்கும், ஓலையும் தாளும் செல்லரிக்கும். எலி மட்டும் அரிக்காது, கொறிக்கும் அல்லது கடிக்கும். உலோகத்தை அமிலமோ உப்போ தின்பதைப் பாடநூல் 'அரிமானம்' என்கிறது. பேச்சில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. "பைப்பை உப்புத்தண்ணி அரிச்சிருச்சு" என்பார்கள்.

ஒரு எச்சரிக்கை. "கை அரிக்குது", "உடம்பெல்லாம் அரிப்பா இருக்குது" என்று உங்களைப் பற்றிச் சொல்லலாம். எதிரில் இருப்பவரைப் பார்த்து "உனக்கு என்ன அரிப்பு?" என்று கேட்டால் அது வசவு. புதியவர்கள் இதை எந்த உறவிலும் முயன்று பார்க்க வேண்டாம்.

ஐந்தாம் படி: நீர் தனக்குள் எடுத்துக்கொண்டால் 'கரை'

அரிப்பதும் கரைப்பதும் தண்ணீர்தான் என்பதால் இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். தண்ணீர் பொருளைத் துகளாகவே இழுத்துக்கொண்டு போனால் அரித்தது. பொருள் தன் உருவத்தை இழந்து தண்ணீரோடு கலந்தால் கரைந்தது. ஆறு கரையை அரிக்கும். கூரை போன மண்சுவர் மழையில் கரையும்.

ஏற்காட்டு மலையுச்சிப் பகுதியில் அலுமினியத் தாதுவான பாக்சைட் கிடப்பதற்கே இந்தக் கரைதல்தான் காரணம். மிக நெடுங்காலம் பெய்த மழை, அங்குள்ள சார்னகைட் பாறையிலிருந்து சிலிக்கா போன்றவற்றைக் கரைத்துக் கீழே இறக்கிவிட்டது. எளிதில் கரையாத அலுமினியமும் இரும்பும் அங்கேயே தங்கிச் செறிந்தன. 'பாறை அரித்து பாக்சைட் உண்டானது' என்று எழுதினால் நடந்ததற்கு நேர்மாறான படம் வரும். அரித்திருந்தால் அந்தத் தாதும் சேர்ந்தே கீழே போயிருக்கும்.

பிள்ளையார் சிலையைக் கரைப்பது, அஸ்தி கரைப்பது, மாவு கரைப்பது எல்லாம் சொல்லிக்கொடுக்காமலே வந்துவிடும். 'கரை' பெயர்ச்சொல்லாக ஆற்றங்கரையும் ஆகும், வேட்டிக் கரையும் ஆகும், காகமும் கரையும். இவையெல்லாம் ஒரே பத்தியில் வந்தால் பத்தியைத் திரும்ப எழுதுங்கள்.

ஆறாம் படி: மீதமுள்ளவை

நை: துணிக்கும் நூலுக்கும். சேலத்து வெண்பட்டு வேட்டியை வருடக்கணக்கில் மடித்த மடிப்பிலேயே வைத்திருந்தால் மடிப்பில் நைந்துபோகும். "நைஞ்சு போச்சு" என்பது கிழிவதற்கு முந்தைய நிலை. நிறம் போனால் அது "சாயம் போச்சு".

இறு: பேச்சில் "இத்துப் போச்சு". கயிறு, தகரம், பழைய கோணிப்பை. பார்க்க முழுதாக இருக்கும், இழுத்தால் கையோடு வரும். நைந்ததைத் தைக்கலாம், இத்துப்போனதைத் தைக்க முடியாது.

உளு: மரமும் பயறும் உள்ளே பொடியாவது. மக்கு: இலை, சாணம், ஈரத்தில் கிடந்த பலகை. குப்பை மக்கினால் நல்லது, கதவு மக்கினால் செலவு. மழுங்கு: விளிம்பும் முனையும். கத்தி மழுங்கும், அரிவாள் மழுங்கும், அறிவும் மழுங்கும்.

துருவை 'பிடிக்கும்' என்று சொல்ல வேண்டும்: "துரு பிடிச்சிருச்சு". எழுத்தில் 'துருவேறிய'. எவர்சில்வரில் குரோமியம் சேர்வதால் மேலே மெல்லிய காப்புப் படலம் உண்டாகி எளிதில் துரு பிடிக்காது. சுவரில் உப்பு வெளியே வந்தால் "பூத்திருக்கு", காரை விழுந்தால் "பேந்துக்கிட்டு வருது" (பெயர்ந்து). வண்டி பேட்டரி முனையில் பச்சையாகவோ வெள்ளையாகவோ படிவதற்கும் பட்டறையில் "பூத்துப் போச்சு" என்பார்கள். அழகான சொல், வேலை மோசமானது.

ஏழாம் படி: ஆஸ்பத்திரியில் கவனம்

"எலும்பு தேஞ்சிருச்சாம்" என்று சேலத்தில் பாதி வீடுகளில் கேட்கலாம். அந்த ஒரு வாக்கியத்துக்குள் இரண்டு வேறு நோய்கள் ஒளிந்திருக்கின்றன. மூட்டில் எலும்பு முனைகளுக்கு மெத்தையாக இருக்கும் குருத்தெலும்பு மெலிவது மூட்டுத் தேய்மானம். முழங்கால் வலி, மாடிப்படி ஏறும்போது வலி, காலையில் எழுந்ததும் கொஞ்ச நேரம் விறைப்பு. எலும்பே அடர்த்தி குறைந்து, லேசாக விழுந்தாலும் முறியும் நிலைக்குப் போவது வேறு. அதை மருத்துவக் கட்டுரைகளில் 'எலும்பு மெலிதல்', 'எலும்புப்புரை' என்று எழுதுகிறார்கள். இதில் முறியும் வரை வலியே தெரியாமல் இருக்கலாம். பரிசோதனையும் மருந்தும் வேறு என்பதால், மருத்துவரிடம் போகும்போது "தேய்மானம்" என்று நீங்களே பெயர் வைத்துக்கொண்டு போகாமல், எங்கே வலி, எப்போது வலி என்று சொல்லுங்கள். மொழிபெயர்ப்பாளர் என்றால் மூலத்தில் எந்த நோய் என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.

பல்லிலும் இப்படியே. அழுத்தித் தேய்த்ததால் எனாமல் போனால் 'பல் தேய்ந்தது'. கிருமிகள் உண்டாக்கும் அமிலத்தால் குழி விழுந்தால் 'சொத்தை'. "பல்லைப் புழு அரிச்சிருச்சு" என்று பெரியவர்கள் சொல்வார்கள். புழு கிடையாது, ஆனால் 'அரி' பிழையில்லை.

எட்டாம் படி: பணமும் மனமும்

பணம் கரையும். "வந்த காசு எங்க கரைஞ்சுதுன்னே தெரியல." சொத்து தேயும் என்றும் சொல்லலாம், அதில் பல வருடங்கள் இருக்கும். பெரிதாகத் தொடங்கி ஒன்றுமில்லாமல் போனால் "கழுதை தேஞ்சு கட்டெறும்பு ஆன கதை". விடாமுயற்சிக்கு "எறும்பு ஊரக் கல்லும் தேயும்". இரண்டிலும் எறும்பும் தேய்தலும் இருப்பதால் மாற்றிச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நண்பரின் புதுக் கடைத் திறப்பு விழாவில் முதலாவதைச் சொல்லிவிடாதீர்கள்.

கவலை மனசை அரிக்கும். துக்கம் கேட்டு மனசு கரையும். அரித்தால் நோவு, கரைந்தால் இரக்கம்.

கணக்குப் பதிவியலில் இயந்திரத்தின் மதிப்பு வருடா வருடம் குறைவதற்கும் தேய்மானம்தான் பெயர். மேல்நிலைப் பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறது. இயந்திரம் உறை பிரிக்காமல் இருந்தாலும் கணக்கில் தேயும். காப்பீட்டுக்காரர் "தேய்மானம் கழிச்சுத்தாங்க வரும்" என்று சொல்லும்போது அவர் இதைத்தான் சொல்கிறார், வண்டியைப் பார்த்துச் சொல்லவில்லை.

ஒன்பதாம் படி: எழுதும்போது

பேச்சில் வரும் 'போச்சு'வை எழுத்தில் முழுதும் துரத்திவிட வேண்டாம். 'தேய்ந்தது' என்றால் நடந்தது, அவ்வளவே. 'தேய்ந்துபோனது' என்றால் இனி உதவாது என்ற குறிப்பும் சேர்கிறது. 'தேய்ந்துவருகிறது' என்றால் இன்னும் நேரம் இருக்கிறது. மனு எழுதுகிறவர்களுக்கு இந்த மூன்றும் வெவ்வேறு அவசரங்கள்.

'அரிப்பு ஏற்பட்டுள்ளது', 'தேய்மானம் அடைந்துள்ளது' என்று பெயர்ச்சொல்லாக்கி வால் சேர்ப்பதை விடுங்கள். 'அரித்துள்ளது', 'தேய்ந்துள்ளது' போதும். ஓடைக்கரை வீட்டுக்காரர் ஊராட்சிக்கு எழுதும் மனு இப்படி இருக்கலாம்:

"ஐயா, எங்கள் தெருவை ஒட்டி ஓடும் ஓடையின் தென்கரையை மழைநீர் அரித்துவருகிறது. கரையிலிருந்த புங்கமரத்தின் வேர் வெளியே தெரிகிறது. சென்ற வார மழையில் பாதையின் ஒரு பகுதியை நீர் அறுத்துச் சென்றுவிட்டது. சிறுபாலத்தின் இரும்புக் கைப்பிடி இற்றுப்போய்விட்டது. குழந்தைகள் சாய்ந்தால் உடையும் நிலையில் உள்ளது. பாலத்தின் அடியில் மண் தூர்ந்திருப்பதால் நீர் தெருவுக்குள் ஏறுகிறது. கரைக்குக் கல்கட்டு அமைத்து, பாலத்தடியில் தூர் வாரி, கைப்பிடியை மாற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்."

அரித்தல், அறுத்தல், இற்றல், தூர்தல் என்று நாலு வினை. நாலுக்கும் வேறு வேறு ஆள், வேறு வேறு செலவு. 'கரை மிகவும் சேதமடைந்துள்ளது' என்று ஒரே வரியில் எழுதினால் பார்வையிட வருகிறவர் பாலத்தடியில் குனிந்து பார்க்காமலே போய்விடுவார். படம் இணைப்பதாக இருந்தால் ஒவ்வொரு படத்தின் பின்னாலும் இடத்தையும் தேதியையும் எழுதி, பக்கத்திலேயே அந்த வினைச்சொல்லையும் எழுதிவிடுங்கள்: வேர் தெரியும் படத்துக்கு 'அரித்தது', பிளந்த பாதைக்கு 'அறுத்தது', கைப்பிடிக்கு 'இற்றது'.